சொத்து மறுக்கப்பட்ட விதவை நாட்டின் தூதரானார்: விஜயலட்சுமி பண்டிட் வாழ்க்கை

வெளிநாட்டு தூதர் என்றாலே பரீட்சை எழுதி, படிப்படியாக பதவி உயர்வு பெற்று வருபவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அரசியல்வாதியையும் மத்திய அரசு தூதராக அனுப்பலாம். சுதந்திரம் கிடைத்த புதிதில் அப்படி போனவர்களில் முக்கியமானவர் விஜயலட்சுமி பண்டிட், நேருவின் தங்கை. "அண்ணன் தயவு" என்று சொல்பவர்கள் உண்டு. முழு கதை என்ன?

ஜெயிலும் பதவியும்

1900-ல் அலகாபாத்தில் பிறந்தவர். 1937-ல் தேர்தலில் ஜெயித்து ஐக்கிய மாகாணத்தில் உள்ளாட்சி, சுகாதார அமைச்சர் ஆனார். சுதந்திர போராட்டத்தில் 3 முறை சிறை.

கணவர் ரஞ்சித் பண்டிட்டும் ஜெயிலுக்கு போனவர். அங்கே உடம்பு கெட்டு, விடுதலையான பிறகு 1944 ஜனவரியில் இறந்தார். பிள்ளைகள் மூன்றும் பெண்கள். ஆண் வாரிசு இல்லை என்று கணவரின் குடும்ப சொத்து இவர்கள் கைக்கு வராமல் போனது.

ஐ.நா.வில் வெற்றி

1946-ல் தென்ஆப்பிரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டது. 1860 முதல் கரும்பு தோட்ட வேலைக்கு அங்கே கப்பல் ஏறியவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்துக்காரர்கள்.

நேருவின் இடைக்கால அரசு இவரை தலைவராக்கி ஐ.நா.வுக்கு ஒரு குழுவை அனுப்பியது. எதிரே தென்ஆப்பிரிக்க பிரதமர் ஸ்மட்ஸ். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். டிசம்பர் 8-ந்தேதி நடந்த ஓட்டெடுப்பில் ஆதரவு 32, எதிர்ப்பு 15. தீர்மானம் நிறைவேறியது.

தென்ஆப்பிரிக்கா அதை மதிக்கவில்லை. ஆனாலும் "இது எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்ற அதன் வாதம் சபையில் எடுபடாமல் போனது.

தூதர் பதவிகள்

அடுத்த ஆண்டு, 1947-ல், சோவியத் ரஷியாவுக்கு தூதர். 1949-ல் அமெரிக்கா. 1953-ல் ஐ.நா. பொதுசபை தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் இவர்தான். பிறகு லண்டனில் இந்திய ஹைகமிஷனர். 1962-ல் மராட்டிய கவர்னர். 1964-ல் அண்ணன் இறந்ததும் அவரது பூல்பூர் தொகுதியில் நின்று எம்.பி. ஆனார்.

நெருக்கடி நிலையை எதிர்த்து, 1977 தேர்தலில் அண்ணன் மகள் இந்திராவுக்கு எதிராகவே பிரசாரம் செய்தார். 1990-ல் காலமானார்.

கணவர் சொத்தில் மனைவிக்கும், அப்பா சொத்தில் மகளுக்கும் பங்கு தரும் இந்து வாரிசுரிமை சட்டம் 1956-ல் வந்தது. அப்போது இவர் லண்டனில் இந்தியாவின் பிரதிநிதி. இவருக்கு அது 12 வருடம் லேட்!