காப்பீடு போனுக்கு வந்தால் போதுமா?

1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலங்களை ஒதுக்கியது. பிறருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. நிபந்தனை எழுதிய தாளையும் நம் பாட்டன்மாரால் படிக்க முடியவில்லை; கைநாட்டு வைத்த தாளையும் படிக்க முடியவில்லை. நமக்குரிய ஆவணம் நம் கையில், நமக்குப் புரியும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே அதில் நாம் கற்ற பாடம். இன்று மருத்துவக் காப்பீட்டிலும் அந்தப் பாடம் தேவைப்படுகிறது.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018-இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதனுடன் இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கூலி வேலை செய்யும் நம் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

முன்பு அட்டையாகக் கையில் கொடுத்தார்கள். இப்போது குடும்ப அட்டை எண்ணைக் கொண்டு இணையதளத்திலிருந்தே மின் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். இது நல்ல வசதிதான். கூரை ஒழுகி அட்டை நனைந்து போனால், மாற்று அட்டை கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை.

ஆனால், திருவாதவூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் தெருக்களில் போன் யார் கையில் இருக்கிறது? நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட்போன், திருப்பூரிலோ கோவையிலோ வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். பதிவு செய்த எண் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, வேறு யாருக்கோ போயிருக்கும். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். அனுப்பியவர் கணக்கில் ஆவணம் சேர்ந்துவிட்டது. நோயாளியின் கையில் ஒன்றும் இல்லை.

இன்னொரு காப்பீடு, குழுக் கடனோடு நம் வீட்டுக்குள் வருகிறது. மைக்ரோ பைனான்ஸ் கடன் வாங்கும் பெண்களிடம் காப்பீட்டுக்கு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். பிறகு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியும் ஒரு இணைப்பும் வரும். அதுதான் பாலிசி. எந்த நோய்க்குப் பணம் வரும், யாரிடம் கேட்பது என்று பணம் கட்டிய பெண்ணுக்கே தெரியாது.

சட்டம் இதில் நமக்கு எதிராக இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022 மார்ச் ஆணைப்படி, கடனோடு தரும் காப்பீட்டுக்குக் கடன் வாங்குபவரின் முழுச் சம்மதம் வேண்டும். அதற்கான கட்டணத்தைக் கடன் அட்டையிலேயே காட்ட வேண்டும். அந்த அட்டை அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளின்படி, 2024 ஏப்ரல் 1 முதல் பாலிசிகளை மின்னணு வடிவில் வழங்குவது கட்டாயம். ஆனால் காகிதப் பிரதி வேண்டும் என்று கேட்டால் நிறுவனம் கொடுக்க வேண்டும். பாலிசியின் முக்கிய விவரங்களை எளிமையாகச் சொல்லும் தகவல் தாள் ஒன்று உண்டு. நாம் விரும்பினால் அதைத் தமிழில் கேட்டு வாங்கலாம். தனிநபராக எடுக்கும் ஓராண்டுப் பாலிசி பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாள், பாலிசி நமக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடும். போனில் வந்தாலும் கிடைத்ததாகத்தான் கணக்கு. அதனால்தான் அது யார் போனுக்குப் போகிறது என்பதில் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே காகிதப் பிரதி வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். குழுக் காப்பீடு என்றால் உங்கள் பெயரில் உள்ள காப்பீட்டுச் சான்றிதழைக் கேளுங்கள். தர மறுத்தால் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது. அரசுத் திட்டம் பற்றிய சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

அரசிடமும் நமக்குக் கோரிக்கை இருக்கிறது. முகாம் நடத்தி, தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் மின் அட்டையை அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். அந்த முகாம் ஊருக்குள் உள்ள கட்டடத்தில் மட்டும் நடந்தால் போதாது. காலனிக்கும் வர வேண்டும். சாக்கடையிலும் குப்பையிலும் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களின் வீடுகளில் இருந்து அதைத் தொடங்கலாம்.

படிக்கும் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் வீடு வீடாகப் போங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, வீட்டில் எல்லார் பெயரும் அதில் இருக்கிறதா, பதிவு செய்த போன் எண் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். அட்டையே இல்லாத வீடென்றால் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு அழைத்துப் போங்கள். மின் அட்டை இருந்தால் அச்சிட்டு, லேமினேட் செய்து, குடும்ப அட்டையோடு வைக்கச் சொல்லுங்கள். ஓடிபியை முன்பின் தெரியாத யாரிடமும் சொல்லக் கூடாது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நெஞ்சு வலியோடு ஒருவரை இரவு 108 வண்டியில் ஏற்றும்போது மகனுடைய போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கலாம். அப்போது அந்தத் தாள் பையில் இருக்க வேண்டும்.