கோழிச் சோறும் ரிக்கார்டோவின் கணக்கும்

2022ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. ஜோகூரிலிருந்து லாரிகளில் உயிருடன் வந்துகொண்டிருந்த கோழிகளின் வரத்து நின்றது. ஈரச்சந்தைக் கோழிக்கடைகள் பல வெறிச்சோடின. கோழிச் சோறு விற்பவர்களில் சிலர் உறையவைத்த கோழிக்கு மாறினர். சிலர் கடையைத் தற்காலிகமாக மூடினர். அதற்கு முந்தைய ஆண்டில் சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து வந்தது.

அப்படியென்றால் நாமே வளர்த்துக்கொள்ளலாமே?

வளர்க்கலாம். அடுக்குமாடிப் பண்ணை கட்டும் தொழில்நுட்பம் எட்டாத ஒன்றல்ல. ஆனால் சுமார் 735 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள தீவில், பண்ணைக்குக் கொடுக்கும் நிலம் ஒரு சில்லுத் தொழிற்சாலைக்கோ வீவக வீடுகளுக்கோ கிடைக்காது. கோழியின் உண்மையான விலை, அதற்காக நாம் கைவிடுவதுதான். பொருளியல் பாடத்தில் இதை ‘வாய்ப்புச் செலவு’ என்று படித்திருப்பீர்கள்.

இந்தக் கணக்கை 1817லேயே போட்டுக் காட்டியவர் டேவிட் ரிக்கார்டோ. ஓராண்டுக்கான துணியைத் தயாரிக்க இங்கிலாந்துக்கு 100 பேர் தேவை, ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலுக்குத் துணிக்கு 90 பேர், ஒயினுக்கு 80 பேர் போதும். இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டிக்கார நாடு. பிறகு அது ஏன் இங்கிலாந்திடம் துணி வாங்க வேண்டும்?

80 பேரின் உழைப்பில் உருவான ஒயினைக் கொடுத்தால், தானே செய்ய 90 பேர் தேவைப்படும் துணி அதற்குக் கிடைக்கிறது. இங்கிலாந்துக்கோ 100 பேரின் துணிக்கு, 120 பேர் தேவைப்படும் ஒயின் வருகிறது. யாரும் ஏமாறவில்லை, இரு தரப்பிலும் உழைப்பு மிச்சம். இதுவே ‘ஒப்பீட்டு அனுகூலம்’. தேர்வில் பலர் தடுமாறும் இடமும் இதுதான். யார் திறமைசாலி என்று பார்க்காமல், எதைச் செய்வதால் யாருக்கு இழப்பு குறைவு என்று பாருங்கள்.

ஆனால் ரிக்கார்டோவின் கணக்கில் லாரி நிற்பதில்லை. மலேசியக் கோழிகள் தின்பது பெரும்பாலும் இறக்குமதியான மக்காச்சோளமும் சோயாவும். உக்ரேன் போருக்குப் பிறகு தானிய விலை எகிறியது. மலேசியாவில் கோழிக்கு உச்சவரம்பு விலை இருந்ததால் பண்ணையாளர்களால் விலையை ஏற்ற முடியவில்லை. உள்ளூரில் தட்டுப்பாடு, அதனால் ஏற்றுமதித் தடை. தடையால் இங்கே நாம் மட்டும் தவிக்கவில்லை. சிங்கப்பூருக்கென்றே கோழி வளர்த்த பண்ணைகளும் ஒரே நாளில் சந்தையை இழந்தன.

ஜூன் மாத இறுதியிலேயே இந்தோனீசியக் கோழிக்குச் சிங்கப்பூர் அனுமதி கொடுத்தது. அக்டோபரில் மலேசியக் கோழி திரும்பி வந்தபோது, சந்தையில் அதற்குப் புதிதாக ஒரு போட்டியாளர் இருந்தார்.