ஏ.சி. பாதியிலேயே நின்றுவிடுகிறதா? கேஸ் நிரப்பும் முன் சென்சாரை சோதியுங்கள்

புதுடெல்லி: நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.க்கள் அனைத்தும் 24 டிகிரி செல்சியஸை இயல்பு அளவாகக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய எரிசக்தி திறன் பணியகம். ஆனால், அறையின் வெப்பத்தை அளக்கும் சென்சார் தவறாகக் காட்டினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

சென்சார் உண்மையைவிட அதிக வெப்பம் காட்டினால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். அறை நடுங்கவைக்கும், மின் கட்டணமும் ஏறும். குறைவாகக் காட்டினால் அறை குளிரும் முன்பே கம்ப்ரசர் நின்றுவிடும். இந்த இரண்டாவது கோளாறைத்தான் பலரும் கேஸ் குறைவு என்று எண்ணிச் செலவு செய்கின்றனர். கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரசர் ஓடினாலும் காற்று சில்லென்று வராது. காற்று நன்கு குளிர்ந்து வந்தும் இயந்திரம் விரைவில் நின்றால், சந்தேகம் சென்சார் மீதே விழ வேண்டும்.

முதலில் ரிமோட்டைப் பார்க்க வேண்டும். ‘ஐ ஃபீல்’, ‘ஃபாலோ மீ’ போன்ற வசதியுள்ள மாடல்களில் ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சென்சார் உண்டு. ரிமோட் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏ.சி.க்கு அனுப்பும். வெயில் படும் ஜன்னலோரத்திலோ தொலைக்காட்சியின் அருகிலோ ரிமோட் கிடந்தால், அந்த வெப்பத்தையே அறையின் வெப்பமாக ஏ.சி. எடுத்துக்கொள்ளும். அந்த வசதியை நிறுத்தியதும் கோளாறு மறைந்தால் பழுது ஏதும் இல்லை.

மறையவில்லை எனில், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு முன்மூடியைத் திறக்கலாம். காற்று உள்ளே செல்லும் வழியில், வடிகட்டிக்குப் பின்னால் அறை சென்சார் பொருத்தப்பட்டிருக்கும். சர்வீஸ் செய்தபோது அது இடம் மாறி குளிர்ச்சுருளைத் தொட்டுக்கொண்டிருந்தாலே கம்ப்ரசர் சீக்கிரம் நிற்கும். பழைய இடத்தில் மாட்டினால் போதும்.

அடுத்தது மல்டிமீட்டர் சோதனை. இதை மெக்கானிக் முன்னிலையில் செய்வது நல்லது. சென்சாரின் மின்தடை வெப்பம் கூடக் கூடக் குறையும். பரவலாகப் பயன்படும் வகை 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். அதன் முனையைப் பனிக்கட்டி நீரில் வைத்தால் ஏறத்தாழ 32 கிலோ ஓம் வரை உயரும். கையால் பிடித்தாலே அளவு சீராக இறங்க வேண்டும். அசையாமல் நின்றாலோ, பூஜ்யமோ முடிவிலியோ காட்டினாலோ சென்சார் பழுது என்று பொருள்.

மாற்றும்போது அதே மதிப்புள்ளதையே வாங்க வேண்டும். 5 கிலோ ஓம் தேவைப்படும் இடத்தில் 10 கிலோ ஓம் சென்சாரைப் பொருத்தினால், அறை ஏற்கெனவே குளிர்ந்துவிட்டதாக எண்ணி ஏ.சி. கம்ப்ரசரை இயக்காது. உத்தரவாதக் காலம் முடியாத ஏ.சி.யை நிறுவனத்தின் சேவை மையமே கையாளட்டும். இன்வெர்ட்டர் ஏ.சி.யின் வெளி யூனிட்டை மட்டும் யாரும் தாமாகத் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அதன் மின்தேக்கிகளில் அபாயகரமான மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.