தடுக்க வேண்டியது துப்பாக்கியின் தோற்றத்தையா, வேகத்தையா?

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது 1968ஆம் ஆண்டுச் சட்டம். ரைஃபிள் வாங்க 18 வயது போதும். 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி நகரில், 18 வயதை எட்டிய மறுநாளே ஓர் இளைஞன் ஏஆர்-15 ரக ரைஃபிள் ஒன்றை வாங்கினான். அடுத்த நாள் 375 தோட்டாக்கள், அதற்கும் இரண்டு நாள் கழித்து இன்னொரு ரைஃபிள். எல்லாமே சட்டப்படி வாங்கியவை. மே 24 அன்று தொடக்கப் பள்ளி ஒன்றில் நுழைந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். ஏறக்குறைய 400 காவலர்கள் குவிந்தும், 77 நிமிடங்கள் கழித்தே அவனை வீழ்த்த முடிந்தது.

இத்தகைய ரைஃபிள்களைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல் ஒவ்வொரு படுகொலைக்குப் பிறகும் எழுகிறது. சில வாரங்களில் ஓய்ந்தும் போகிறது. நாடு முழுவதற்குமான சட்டமாக அது ஒரே ஒருமுறைதான் வடிவெடுத்தது. அந்தச் சட்டம் எங்கே சறுக்கியது என்று தெரிந்துகொண்டால், இனி செய்ய வேண்டியதும் புரியும்.

எந்தத் துப்பாக்கியைப் பற்றிய சண்டை இது?

விசையை அழுத்திப் பிடித்தால் சரமாரியாகச் சுடும் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் 1934 முதலே கடும் கட்டுப்பாடு உண்டு. 1986க்குப் பிறகு தயாரானவற்றைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. ஏஆர்-15 அந்த வகை அல்ல, அரைத் தானியங்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா பாயும். அடுத்தது தானாகவே சுடுவதற்குத் தயாராகிவிடும். வேட்டைக்குப் பயன்படும் பல ரைஃபிள்களும் இப்படித்தான் இயங்குகின்றன.

ஆனால் ஏஆர்-15இல் வழக்கமாகப் பொருத்தப்படும் மேகசினில் 30 தோட்டாக்கள் இருக்கும். தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 950 மீட்டர். சாதாரண 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவைப் போல இரண்டரை மடங்கு. அந்த வேகத்தில் அது உடலைத் துளைப்பதோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள தசையையும் உறுப்புகளையும் சிதைத்துவிடுகிறது. யுவால்டியின் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். தான் பார்த்த இரண்டு குழந்தைகளை, உடலில் ஒட்டியிருந்த கார்ட்டூன் படம் போட்ட உடையைத் தவிர வேறெதைக் கொண்டும் அடையாளம் காண முடியவில்லை என்றார் அவர்.

1994: பத்தாண்டுத் தடை

1989இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரப் பள்ளியில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அதே ஆண்டு கலிஃபோர்னியா தன் எல்லைக்குள் தடை கொண்டுவந்தது. 1994இல் நாடு தழுவிய தடைக்கு முன்னாள் அதிபர்கள் ஃபோர்டு, கார்ட்டர், ரீகன் மூவரும் கட்சி வேறுபாடு பாராமல் ஆதரவு தெரிவித்தனர். பிரதிநிதிகள் அவையில் 216-214 என்ற கணக்கில் மயிரிழையில் தப்பிய அந்தத் தடை, பெரிய குற்றத் தடுப்புச் சட்டமொன்றின் பகுதியாக நிறைவேறியது. செப்டம்பரில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார்.

சட்டத்தின் வரையறையில்தான் சிக்கல் இருந்தது. பெயர் குறிப்பிட்ட சில மாடல்கள் தடை செய்யப்பட்டன. மற்ற ரைஃபிள்களில், கழற்றி மாட்டும் மேகசினுடன் மடக்கும் கட்டை, தனிக் கைப்பிடி, பயனெட் மாட்டும் கொக்கி, தீப்பிழம்பை மறைக்கும் குழல் முனை போன்றவற்றில் இரண்டு இருந்தால் தடை. நிறுவனங்கள் கொக்கியையும் குழல் முனையையும் நீக்கிவிட்டு, ஏறக்குறைய அதே துப்பாக்கியை வேறு பெயரில் விற்றன. 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களும் தடைப்பட்டன என்றாலும், ஏற்கெனவே தயாரானவற்றை வைத்திருக்கவும் விற்கவும் அனுமதி இருந்ததால் பழைய இருப்பே பல ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது. 2004 செப்டம்பரில் தடை காலாவதியானது. அதை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர் கோப்பர் குழு, தடைக்கு முன்பே இந்த ரகத் துப்பாக்கிகள் துப்பாக்கிக் குற்றங்களில் 2 முதல் 8 சதவீதத்தில்தான் பயன்பட்டன என்றும், தடையைப் புதுப்பித்தாலும் பலன் சிறிதாகவே இருக்கும் என்றும் கூறியது.

எதிர்ப்பாளர்களின் கணக்கு

தடையை எதிர்ப்பவர்களிடமும் வலுவான வாதங்கள் உண்டு. எஃப்பிஐ தரவுப்படி 2019இல் பதிவான 13,927 கொலைகளில் கைத்துப்பாக்கியால் நடந்தவை 6,368. ரைஃபிள் என்று பதிவானவை 364 மட்டுமே. 2021இல் துப்பாக்கியால் உயிரிழந்த 48,830 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரின் உயிரைப் பறித்தவை இரண்டு கைத்துப்பாக்கிகள். இறந்தவர்களில் ஒருவர், கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்து அந்தப் பல்கலைக்கழகத்தில் நீரியல் கற்பித்துவந்த தமிழ்ப் பேராசிரியர்.

இந்தக் கணக்கு உண்மை. ரைஃபிள் தடையால் அமெரிக்காவின் துப்பாக்கிச் சாவுகள் பெருமளவு குறைந்துவிடும் என்று யாரும் உறுதியளிக்கக் கூடாது. ஆனால் பள்ளிகளிலும் திருவிழாக்களிலும் சில நிமிடங்களில் பலர் சாய்க்கப்படும் படுகொலைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே உயிரைத் தீர்மானிப்பது, நிறுத்தாமல் எத்தனை குண்டுகள் சுட முடியும் என்பதே.

2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் நகரில் நடந்ததைப் பாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸைக் குறிவைத்தவனின் கையில் இருந்தது கைத்துப்பாக்கிதான். ஆனால் அதில் 33 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின் இருந்தது. சுமார் 15 நொடிகளில் அது தீர்ந்தது. 6 பேர் இறந்தனர். மேகசினை மாற்ற அவன் முயன்றபோது, அருகில் இருந்தவர்கள் பாய்ந்து அவனை மடக்கினர். ஒரு பெண்மணி அடுத்த மேகசினைப் பிடுங்கிக்கொண்டார். கிஃபர்ட்ஸின் கணவர் மார்க் கெல்லி 2013இல் செனட் குழுவிடம், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொன்றது 13ஆவது தோட்டா என்றார். பத்துத் தோட்டா மேகசினாக இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்பது அவர் வாதம்.

நீதிமன்றத்தின் பங்கு

ஆயுதம் வைத்திருப்பது தனிநபரின் உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2022இல் புருவன் வழக்கு நிபந்தனை விதித்தது. அதே ஆண்டு பிரதிநிதிகள் அவை 217-213 வாக்குகளில் புதிய தடை மசோதாவை நிறைவேற்றியும், அது செனட்டைத் தாண்டவில்லை. 21 வயதுக்குட்பட்டோர் துப்பாக்கி வாங்கும்போது கூடுதல் பின்னணிச் சோதனை போன்ற சில நடவடிக்கைகளை மட்டும் இரு கட்சியினரும் ஏற்றனர். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் உள்ளிட்ட சில மாநிலங்களில் தடை இருக்கிறது. மேரிலாந்தின் தடைக்கு எதிரான மேல்முறையீட்டை 2025 ஜூனில் ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றத்தில், நீதிபதி கவனா இந்தக் கேள்வியை விரைவில் விசாரிக்க வேண்டும் என்று தனியாக எழுதினார்.

என்ன செய்யலாம்?

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டனர். ஒரு மாதத்துக்குள் அந்நாட்டு நாடாளுமன்றம் 119-1 என்ற கணக்கில் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்குத் தடை விதித்தது. மக்களிடம் இருந்த அத்தகைய துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது. அரசியல் சாசன உரிமையும் சுமார் 40 கோடித் துப்பாக்கிகளும் உள்ள அமெரிக்காவில் அதை அப்படியே செய்ய முடியாது.

செய்யக்கூடியவை வேறு உள்ளன. கொக்கியையும் கைப்பிடியையும் எண்ணுவதை விட்டு மேகசினுக்கு வரம்பு வைக்க வேண்டும். பழைய மேகசின்களை விலை கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். அரைத் தானியங்கி ரைஃபிள் வாங்கும் வயதையும் 21 ஆக்க வேண்டும். இவை எல்லாப் படுகொலைகளையும் தடுக்காது. ஆனால் 18ஆம் பிறந்தநாளின் மறுநாளே கடைக்குப் போகிறவனை மூன்றாண்டுகள் காத்திருக்க வைக்கும். அவனைத் தாண்டி ஓட ஒரு குழந்தைக்குச் சில நொடிகள் தரும். அந்த நொடிகளுக்காக ஒரு சட்டம் இயற்றலாம், இயற்றியே ஆக வேண்டும்.