மானாவாரி நிலக்கடலையும் மண்ணின் நுண்ணுயிர்களும்

சித்தூர் மாவட்டம் மாவுக்கும் வெல்லத்திற்கும் பெயர் பெற்றது. எனினும், பங்காருபாளையம் உள்ளிட்ட அதன் செம்மண் பகுதிகளில் மழையை மட்டுமே நம்பியுள்ள சிறு விவசாயிக்கு நிலக்கடலை நெடுங்காலமாகக் கைகொடுத்து வந்த பயிராகும். இதில் விதைப் பருப்பே பெருஞ்செலவு. அதன்மேல் உரத்திற்கும் கடன் வாங்கி, பின்னர் மழையும் பொய்க்குமாயின், இழப்பு இரட்டிப்பாகிறது. எனவே தழைச்சத்தை விலையின்றிப் பெறும் வழி இங்கு ஆராய்ச்சிக்குரிய பொருள் மட்டுமன்று. குடும்ப வரவு செலவைப் பற்றியதுமாகும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பயிர் அதனை நேரடியாக ஏற்க இயலாது. பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சுகளே இப்பணிக்கு உதவுகின்றன என்பதை 1886-ல் ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்பார்த்தும் தெளிவுபடுத்தினர். முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவை டச்சு அறிஞர் பெயரிங்க் 1888-ல் பிரித்தெடுத்தார். ரைசோபியம் எனப்படும் இவ்வகை நுண்ணுயிர்களுக்குச் செடி சர்க்கரை அளிக்கிறது. அவை தழைச்சத்தைத் திருப்பித் தருகின்றன. நாற்பது நாள் பயிரைப் பிடுங்கி முடிச்சை நறுக்கினால், உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தென்பட வேண்டும். அதுவே முடிச்சு வேலை செய்வதற்கு அடையாளம். யூரியாவை மிகுதியாக இட்ட நிலத்தில் முடிச்சுகள் குறைந்துவிடும்.

பொட்டலமும் அதன் பலனும்

1983-ல் தொடங்கிய தேசிய உயிர் உரத் திட்டம் ரைசோபியப் பொட்டலங்களைப் பரப்ப முற்பட்டது. பலன் எங்கும் ஒன்றுபோல் அமையவில்லை. கடலை தொடர்ந்து பயிராகும் மண்ணில் இயற்கையான பாக்டீரியா ஏற்கெனவே உண்டு. புதியவை அவற்றுடன் போட்டியிட்டாக வேண்டும். பட்டான்சேருவிலுள்ள இக்ரிசாட் நிலையத்தின் ஆய்வுகளில் என்.சி. 92 என்னும் பாக்டீரியா இனம் ராபுட் 33-1 ரகத்தின் மகசூலை உயர்த்தியது. எல்லா ரகங்களிலும் அவ்வாறு நிகழவில்லை.

இதனினும் பெரிய இடர்ப்பாடு வெயில். 2006-ல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ்க் கொணரப்பட்டன. அதன்படி, தூள் வடிவிலுள்ள ரைசோபியத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருத்தல் வேண்டும். தகரக் கூரைக் கடையில் கோடை முழுவதும் கிடந்த பொட்டலத்தில் இவ்வெண்ணிக்கை எஞ்சியிருக்குமா? உரம் என்ற பெயரில் விவசாயி வெறும் கரித்தூளுக்குப் பணம் கொடுத்தவராகிறார்.

ஆகவே காலாவதித் தேதி பார்த்து, விதைப்பை ஒட்டியே வாங்குதல் நன்று. ஆறிய வெல்லக் கரைசலில் (இப்பகுதியில் வெல்லத்திற்குப் பஞ்சமில்லை) தூளைக் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சாணக் கொல்லியுடன் சேர்த்துக் கலத்தல் கூடாது. முதல் ஆண்டில் நான்கு சால்களை நேர்த்தி செய்யாத விதையால் விதைத்து, அறுவடையின்போது இரண்டையும் தனித்தனியே எடை போட்டுப் பார்த்தால், மறு ஆண்டு பொட்டலம் வாங்குவதா வேண்டாமா என்பதை விவசாயியே முடிவு செய்துகொள்ளலாம்.