மாசி மகத்துக்குப் போகும் வழியில் நாலு தோட்டம் பாருங்கள்

மேட்டூர் அணை ஜனவரி 28-ம் தேதி மூடப்படுவது நெடுநாளைய வழக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கி வட்டாரத்தில் அதன் பிறகு வாய்க்காலில் ஈரம்தான் மிஞ்சும். சம்பா அறுத்து, வைக்கோல் போர் ஏறிய பின், மாசியும் பங்குனியும் நெல் விவசாயிக்குக் கை ஓய்ந்த மாதங்கள். ஆனால் வயல் வெடித்துக் கிடக்கும் அதே நாளில், வடக்கே சில கல் தொலைவில் கீரமங்கலம், கொத்தமங்கலம், குளமங்கலம் பகுதிச் செம்மண் தோட்டங்களில் பலா பிஞ்சு பிடித்திருக்கும். முல்லை அரும்பு கட்டும். மாவில் பூவும் பிஞ்சும் சேர்ந்து நிற்கும்.

அறந்தாங்கி 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் அமையும் வரை தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வட்டம். நெல்லைத் தவிர மற்றதெல்லாம் தோட்டக்காரர் வேலை என்று நினைக்கும் பழக்கம் இங்கு இன்னும் முழுதும் போய்விடவில்லை. அதனால்தான் வயல் மேட்டில் நாலு தென்னையோ பலாவோ வைக்க நினைப்பவர்கூட, ஆடி மாதம் தெருவில் கன்று வண்டி வரும்போது பேரம் பேசி வாங்கி நட்டுவிடுகிறார். நாற்பது, ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய மரம் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை எடுக்க ஏற்ற காலம் ஆடி அல்ல. மரம் தன் குணத்தைக் காட்டும் இந்தப் பின்பனிப் பருவம்தான்.

பொதுத் தோட்டம்

குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையிலுள்ள பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்கு மாசி மகத்தன்று சுற்று வட்டாரமே திரளும். 33 அடி உயரக் குதிரைச் சிலைக்குக் காகிதப்பூ மாலை சாத்துவார்கள். கோயிலின் பெயரிலேயே ஒரு செடி இருக்கிறது, காரை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில்காடுகளில் காரையோடு வீரை, உலக்கைப்பாலை, காசா, இலுப்பை, நாவல் எல்லாம் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கின்றன. இந்தக் காட்டில் ஒரு குச்சியும் ஒடிக்கக் கூடாது என்று ஊரார் வைத்திருக்கும் கட்டுப்பாடே இவற்றுக்கு வேலி.

சாமி கும்பிட்ட பின் அரைமணி நேரம் இந்த மரங்களின் அடியில் நின்று பார்ப்பது வீண் போகாது. நம் மண்ணில் மழையை மட்டும் நம்பி எது வளரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான செயல்விளக்கத் திடல் இல்லை. பங்குனியில் இலுப்பையும் நாவலும் வேம்பும் பூக்கும்போது தேனீ இங்கேதான் கூடு வைக்கும். பக்கத்துத் தோட்டத்துச் சுரையும் பீர்க்கும் காய் பிடிப்பதில் அந்தத் தேனீக்குப் பங்குண்டு. வரப்போரம் வேலி மரம் வைக்க விரும்புகிறவர்கள் இப்போது நல்ல மரங்களைப் பார்த்து வைத்து, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, ஆனி, ஆடியில் உதிரும் நாவல், வேம்பு விதைகளைப் பொறுக்கி வந்தால் போதும்.

2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னை, பலா, மா, தேக்குகளைச் சாய்த்தபோது, பனை மரங்கள் பெரும்பாலும் நின்றன. வேலி மரம் எதுவும் அத்தகைய புயலைத் தடுத்துவிடாது. அப்படிச் சொல்வது விவசாயியை ஏமாற்றுவது. ஆனால் ஆண்டுதோறும் வீசும் சாதாரணக் காற்றிலிருந்து வாழையையும் இளங்கன்றையும் அது காக்கும்.

தென்னந்தோப்பில் பார்க்க வேண்டியது

தோட்டம் பார்க்கப் போகிறவர் பலரும் முதலில் கேட்பது, "போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை எச்.பி.?" என்பதைத்தான். அதையும் கேட்கலாம், அதோடு தலையை நிமிர்த்தி மட்டையையும் பார்க்க வேண்டும்.

புயலுக்குப் பின் 2019-ல் நட்ட நெட்டை ரகக் கன்றுகள் இப்போது பாளை விட்டுக் காய்க்கத் தொடங்கியுள்ளன. இழப்பை விரைவில் ஈடு கட்டும் அவசரத்தில் நெருக்கி நட்ட தோப்பும், 25 அடிக்கு 25 அடி விட்டு ஏக்கருக்கு 70 மரம் மட்டும் நட்ட தோப்பும் இரண்டுமே கண்ணுக்குக் கிடைக்கும். நெருக்கி நட்டதில் மட்டைகள் ஒன்றோடொன்று பின்னி, மரம் வெளிச்சத்தைத் தேடி மெலிந்து உயரும். இடைவெளி விட்டதில் கீழே வாழையோ கோகோவோ உளுந்தோ ஒரு வெள்ளாமை நடக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

அடுத்தது சுருள் வெள்ளை ஈ. தமிழ்நாட்டில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட இந்தப் பூச்சி இன்று தென்னை உள்ள இடமெல்லாம் இருக்கிறது. ஓலையின் அடியில் வெள்ளை மெழுகு சுருள் சுருளாகப் படிந்திருக்கும். அது சொட்டும் தேன் போன்ற கழிவில் கீழ் ஓலைகள் கரும்பூசணம் பிடித்து அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகும். கறுப்பைக் கண்டு பயந்து மருந்து அடிக்கத் துணியும் முன், அடி ஓலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே கறுத்துப்போன சிறு புள்ளிகள் இருந்தால், என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். கடுமையான பூச்சி மருந்து அடித்தால் முதலில் அழிவது இந்தக் குளவிதான். மருந்து அடிக்காத தோப்பிலிருந்து, சொந்தக்காரர் சம்மதத்துடன், கறுத்த புள்ளிகளுள்ள ஓலைத் துண்டுகளைக் கொண்டுபோய் நம் தோப்பில் கட்டிவிடலாம். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் கஞ்சியாக்கித் தெளித்தால், காய்ந்து உரிந்து விழும். மஞ்சள் ஒட்டுப்பொறியும், ஓலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும் உதவும்.

கொண்டு வரக் கூடாதது

பூந்தோட்டங்களில் ஓர் எச்சரிக்கை. கனகாம்பரம் செழித்து நிற்பதைக் கண்டு நாலு குச்சியோ வேரோடு நாலு செடியோ கேட்டு வாங்கி வருவது நம் பக்கம் மரியாதையான பழக்கம். கொடுப்பவரும் மறுக்க மாட்டார். ஆனால் வேரோடு வரும் மண்ணில் நூற்புழுவும் வாடல் நோய்ப் பூசணமும் சேர்ந்து வரும். வந்த பிறகு அவற்றை அந்த நிலத்திலிருந்து விரட்டுவது மிகக் கடினம். வேண்டுமானால் நோயில்லாச் செடியிலிருந்து குச்சி மட்டும் வாங்கி, புது மண்ணில் வேர் விடச் செய்து நடுங்கள். திரும்பும்போது காலில் ஒட்டிய ஈர மண்ணையும் தட்டிவிட்டு வருவது நல்லது.

கொல்லை விதைக்கு அந்தத் தொல்லை இல்லை. பந்தல் அவரையும் சுரையும் முற்றும் பருவம் இது. "ஆத்தா, இந்த அவரைக்கு நாலு விதை குடுங்க" என்று கேட்டால், சாம்பலில் புரட்டி வைத்ததைத் துணியில் முடிந்து கொடுப்பார்கள். தேமல் பாய்ந்து இலை சுருங்கிய கொடியின் விதையை மட்டும் தவிர்க்கவும்.

ஆலங்குடி வழியாகத் திரும்புகிறவர்கள் வம்பனிலுள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தையும், அங்குள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையும் பார்த்து வரலாம். 65 முதல் 75 நாளில் வரும் வம்பன் 8 உளுந்து, மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் ரகம். கிணற்று நீர் உள்ளவர்களுக்கு மாசிப் பட்ட விதைப்புக்கு இன்னும் நேரமிருக்கிறது.

பலா மரத்தடியில்

பலாத் தோட்டத்தில் பலர் கவலைப்படும் ஒன்று: விரல் போன்ற சிறு காய்கள் கறுத்து உதிர்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ஆண் பூங்கொத்து. மகரந்தம் கொடுத்து முடிந்ததும் கறுத்து விழுவது அதன் இயல்பு, மருந்து வேண்டாம். அடிமரத்திலும் பெருங்கிளையிலும் தடித்த காம்பில் பிடித்த பிஞ்சே அழுகினால்தான் அது பூசண நோய். அழுகியதைப் பொறுக்கி எரித்து, 1 சதப் போர்டோ கலவை தெளிக்க வேண்டும். ஒரே காம்பில் இரண்டு, மூன்று பிஞ்சு நெருங்கினால் ஒன்றை விட்டு மற்றவற்றைச் சமையலுக்குப் பறித்துவிட்டால், நிற்பது கோணாமல் பருக்கும்.

கொட்டையில் முளைத்த பலா தாயைப்போல் இருப்பதில்லை. ஆகவே ஒட்டுக் கன்றுதான் வேண்டும். அதையும் பையைக் கிழித்து வேரைப் பார்த்து வாங்க வேண்டும். நெடுநாள் பையிலேயே இருந்த கன்றின் ஆணிவேர் சுருண்டு கிடக்கும். நட்ட பிறகும் அது நேராகாது. மேலே மரம் பெருத்தாலும் கீழே பிடிப்பு இருக்காது. கஜாவைக் கண்ட வட்டாரத்தில் இதைக் கவனிக்காமல் கன்று வாங்கக் கூடாது.

இதற்கு வேறு வழியும் உண்டு. இப்போது காய்ப்பு நன்றாக உள்ள மரம் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு, சித்திரை, வைகாசியில் மறுபடி போய்ச் சுளையைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால், ஏதாவது நல்ல பழத்தின் பருத்த கொட்டைகளை ஒரு மாதத்துக்குள், காயவிடாமல், மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே குழிக்கு இரண்டாக ஊன்றிவிடலாம். ஆணிவேர் தடையின்றிக் கீழே இறங்கும். நாற்று பென்சில் கனம் வந்ததும் ஒன்றை மட்டும் விட்டு, பார்த்து வைத்த மரத்தின் இளங்குச்சியைக் கேட்டு வாங்கி, ஒட்டுக் கட்டத் தெரிந்தவரைக் கொண்டு அங்கேயே கட்டச் செய்ய வேண்டும்.