பூர்வீக வீடு ஒன்று. வரிக் கணக்கு இரண்டு நாட்டுக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பழைய நெசவாளர் வீடுகளில் திண்ணையைத் தாண்டினால் கூடம், கூடத்தில் தறிக்குழி. அந்தக் குழியில் கால் வைத்து அப்பாவும் அம்மாவும் ஈட்டிய கூலியில் படித்து, அமெரிக்கா போய் அந்நாட்டுக் குடிமக்களாகவே ஆகிவிட்ட பிள்ளைகள் உண்டு. பெற்றோர் காலத்துக்குப் பிறகு வீட்டை விற்க வரும்போதுதான் வரிச் சிக்கல் தலைகாட்டுகிறது.

‘ஓசிஐ அட்டை இருக்கிறது, எனக்கு இரட்டைக் குடியுரிமை’ என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. 1955-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடும். 2006-ல் வழங்கத் தொடங்கிய ஓசிஐ அட்டையை ஆயுள்கால விசா என்று சொல்லலாம். அதை வைத்து ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வரும் நிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த நாடு எதைப் பார்க்கிறது?

இந்திய வருமானவரிக்கு முக்கியம், நிதியாண்டில் இங்கே தங்கிய நாட்கள். ஊருக்கு வந்துபோகும் வெளிநாட்டுத் தமிழருக்குப் பொதுவாக 182 நாள் வரம்பு; இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அது 120 நாளாகக் குறையலாம். வரம்புக்குள் இருந்தாலும், காஞ்சிபுரத்து வாடகைக்கும் வீடு விற்ற லாபத்துக்கும் இங்கே வரி உண்டு.

அமெரிக்கா தன் குடிமகன் உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் கணக்குக் கேட்கும். அவருடைய வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை தர வேண்டும். வீடு விற்ற பணம் என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்போருக்கான ரூபாய்) கணக்கில் விழுந்தாலே இது பொருந்திவிடும். 2015-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, அமெரிக்கர்களின் கணக்கு விவரங்கள் இங்கிருந்து அங்கே போகின்றன, மறைக்க வழியில்லை. அதேசமயம், இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. ரசீதும் ரிட்டர்னும் கையில் இருக்க வேண்டும்.

ஒரே வீடு, இரண்டு நியாயம்

அண்ணன் காஞ்சிபுரத்தில், தம்பி அமெரிக்காவில். வீட்டில் ஆளுக்கு 40 லட்சம் ரூபாய் பங்கு என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் பங்குக்கு வாங்குபவர் வரி பிடித்துக் கட்டியாக வேண்டும். விகிதம் 12.5 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். முன்கூட்டியே குறைந்த வரிப்பிடித்தச் சான்றிதழ் வாங்காவிட்டால் முழுத் தொகைக்கும் பிடித்துவிடுவார்கள், அப்படியானால் 5.2 லட்சம் போகும். உண்மையான லாபம் 25 லட்சம்தான் என்றால், வரி 3.25 லட்சமே. மிச்சத்துக்கு ரிட்டர்ன் போட்டுக் காத்திருக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும்.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம், கழிக்காமல் 12.5 சதவீதம் என்ற இரண்டில் எது குறைவோ அதைக் கட்டும் சலுகை அண்ணனுக்கு உண்டு. தம்பிக்கு இல்லை. ஒரே தகப்பன் கட்டிய வீடு, ஒரே நாளில் பத்திரப்பதிவு. வரி மட்டும் வேறு. இது நியாயமல்ல. பூர்வீகச் சொத்துக்காவது இந்தச் சலுகையை வெளிநாட்டு வாரிசுகளுக்கும் நிதியமைச்சகம் நீட்டிக்க வேண்டும்.

அதுவரை வாசகர்களுக்குச் சொல்வது இதுதான்: அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே வாரிசுச் சான்றிதழ், பான் எண், 2001 ஏப்ரல் 1-ம் தேதி நிலவரப்படி மதிப்பீட்டு அறிக்கை, குறைந்த வரிப்பிடித்தச் சான்றிதழ் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். இரு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள். பத்திரம் பதிந்த பிறகு கேட்டால், அவரால் செய்ய முடிவது மிகக் குறைவு.